ஐந்து நிமிடச் சம்மதம்

சென்ற தவணை விடுமுறையில் நயினாதீவில் மாமி வீட்டில் நின்றேன். கொழும்பிலிருந்து அனுப்பிய சிறு பெட்டியொன்றை மாமா குறிகட்டுவானில் பெற்று, படகில் கொண்டுவந்தார். உள்ளே மூன்று குப்பிகளில் முகக் கிறீம் மாதிரிகள். வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடினோம். மணந்து பார்த்தோம், புறங்கையில் பூசிப் பார்த்தோம். "ரெண்டாவதுதான் நல்லா இருக்கு, இதையே செய்யச் சொல்லுங்கோ" என்று முடிவாகியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்நூறு குப்பிகளுக்கான முற்பணத்துக்காக மாமியின் காப்பு அடகுக்குப் போகவிருந்தது.

இன்று பல பெண்கள் செய்யும் வியாபாரம் இது. பொருளைத் தயாரிப்பது எங்கோ உள்ள ஒரு தொழிற்சாலை. மேலே ஒட்டும் பெயர் மட்டும் நம்முடையது. மொத்தமாகத் தயாரிக்குமுன் மாதிரியை அனுப்பி நம் சம்மதத்தைக் கேட்பார்கள். அந்தச் சம்மதத்தை நாம் மிக மலிவாகக் கொடுக்கிறோம் என்பதே என் கருத்து.

முந்தைய ஆண்டு மாமி இப்படித்தான் சவர்க்காரம் செய்வித்தார். மாதிரியைக் கொழும்பிலுள்ள மச்சாள் குழாய்நீரில் பாவித்துப் பார்த்தாள், நன்றாக நுரைத்தது. முந்நூறு கட்டிகள் தீவுக்கு வந்தபின் எங்கள் கிணற்று நீரில் நுரையே இல்லை. வெள்ளை அழுக்காகக் கையில் ஒட்டியது. விஞ்ஞானப் பாடத்தில் படித்த வன்னீர்தான். சுண்ணக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து படிவாகிவிடும். தொழிற்சாலை ஏமாற்றவில்லை. நாங்கள்தான் எங்கள் ஊர் நீரில் சோதிக்கவில்லை.

சவர்க்காரத்தில் போனது காசு. கிறீமில் போவது உடம்பாகவும் இருக்கலாம். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் மருத்துவமனையொன்றின் மருத்துவர்கள் 2021 யூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வடிவம். அந்தப் 15 பேரில் 13 பேர் நிறம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். இத்தகைய கிறீம்களில் சேர்க்கப்படும் பாதரசம் தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. அதனால் முகம் விரைவாக வெளுக்கும். அதாவது, பூசிப் பார்க்கிறவர்களை மிக வேகமாக மகிழ்விக்கும் மாதிரியே மிக ஆபத்தானதாக இருக்கலாம். மணத்தாலோ நிறத்தாலோ பாதரசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடம்தான் சொல்லவேண்டும். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்கள் அதற்கு இருக்கின்றன.

"சின்ன வியாபாரத்துக்கு இவ்வளவு தேவையா?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பல சோதனைகளுக்குப் பணமே வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஒரு குப்பியை வெயில் படும் யன்னலோரத்திலும் மற்றொன்றை நிழலிலும் இரண்டு வாரம் வையுங்கள். முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நாட்கள் கவனியுங்கள். சேர்மானப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கிளிசரின் போன்றவை விலங்கிலிருந்து வந்தவையா, தாவரத்திலிருந்து வந்தவையா என்றும் கேளுங்கள். சம்மதித்த மாதிரியில் ஒன்றை முத்திரையிட்டு, திகதி எழுதி, பத்திரப்படுத்துங்கள். பிறகு சரக்கு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

ஒப்பிடும்போது மேலே இருக்கும் குப்பியை எடுக்காதீர்கள். பெட்டியின் அடியிலிருந்து எடுங்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியை மத்ரஸாவில் கேட்காதவர் நம்மில் யார்? மேலே காய்ந்திருந்தது மாதிரி. அடியில் நனைந்திருந்ததே சரக்கு. ஈரமான தானியத்தை மேலே, மக்கள் காணும்படி வைத்திருக்க வேண்டும் என்பதே அன்று அந்த வியாபாரிக்குக் கிடைத்த அறிவுரை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் தொழில் தொடங்கும்போது முதலைக் கொடுப்பதோடு நின்றுவிடாமல், இரண்டு வாரம் பொறுக்கவும் சொல்லிக்கொடுங்கள். தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நம் பெயர் ஒட்டிய குப்பியைத் திறப்பவர் பக்கத்து வீட்டுப் பெண்தான். அவளுடைய முகத்துக்கு என்ன ஆனாலும் தொழிற்சாலையைத் தேடிப் போகமாட்டாள்; நம் படலையைத்தான் தட்டுவாள்.

மாமியின் இரண்டாவது மாதிரி பத்தாம் நாள் யன்னலோரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது. மாமி எதுவும் பேசவில்லை. குப்பியை மூடி வைத்துவிட்டு, திருத்திய மாதிரி அனுப்பச் சொல்லித் தொழிற்சாலைக்குச் செய்தி அனுப்பினார். காப்பு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.