ஓர் எழுத்துக்கு இத்தனை பயமா?



உங்கள் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியை ஒரு தடவை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் சிவப்புப் பேனையால் வட்டமிட்ட இடங்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வந்திருக்கும். ‘மை மதர் கோ டு த மார்க்கெட்’ என்று பிள்ளை எழுதியிருப்பாள். ‘கோ’ அல்ல, ‘கோஸ்’ என்று ஆசிரியர் திருத்தியிருப்பார். அடுத்த பக்கத்தில் ‘மை பிரதர் பிளே’ என்று இருக்கும். அது ‘பிளேஸ்’ ஆக மாறியிருக்கும். ‘எஸ்’ என்ற ஒரே ஓர் எழுத்துத்தான். அதற்காகப் புள்ளி குறைகிறது. சில வீடுகளில் அதற்காகப் பிள்ளைக்கு ஏச்சும் விழுகிறது.

இந்த மாதம் அந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். “எனக்கு ஆங்கிலமே தெரியாது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?” என்று கேட்கும் தாய்மாருக்காகவே இதை எழுதுகிறேன். இந்தப் பாடத்தின் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். தமிழில் தெரியும்.

மொழியா, வாளா?

நமது நாட்டில் ஆங்கிலம் வெறும் பாடமாக இருந்ததில்லை. சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் அதைக் ‘கடுவ’ என்று அழைப்பார்கள். வாள் என்பது அதன் பொருள். தெரிந்தவன் கையில் இருந்தால் தெரியாதவனை வெட்டும் என்பதால் வந்த பெயர் அது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழியாகும் என்றும் கூறியது. சட்டத்தில் அது இணைப்பு மொழி. நடைமுறையில் நல்ல உத்தியோகத்துக்கான வாசற்கதவும் அதுவேதான்.

கிண்ணியாவில் இதை நாம் கண்கூடாகக் கண்டோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு பல தொண்டு நிறுவனங்கள் இங்கு வந்தன. கள உத்தியோகத்தர்கள் தேவைப்பட்டார்கள். வீடு வீடாகச் சென்று சனங்களோடு பேசக்கூடிய, ஊரை நன்கு அறிந்த பெண்கள் நம்மிடம் இருந்தார்கள். ஆனால் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றதும் பலர் பின்வாங்கினார்கள். விடயம் தெரியாமல் அல்ல. ‘இஸ்’ போடுவதா ‘ஆர்’ போடுவதா என்ற தயக்கத்தால். இன்றும் நேர்முகப் பரீட்சைக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றுவிடும் பெண் பிள்ளைகளைச் சந்திக்கிறேன். “பிழையாகப் பேசினால் சிரிப்பார்கள்” என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

நமக்கு இது புதிதல்ல

எழுவாய்க்கு ஏற்பப் பயனிலை மாறுவதுதான் எழுவாய் - பயனிலை இயைபு. தமிழ்ப் பாடத்தில் எல்லோரும் படித்தது. நான் போகிறேன், நாங்கள் போகிறோம், நீ போகிறாய், நீங்கள் போகிறீர்கள், அவன் போகிறான், அவள் போகிறாள், அவர் போகிறார், அவர்கள் போகிறார்கள், அது போகிறது, அவை போகின்றன. எண்ணிப் பாருங்கள், பத்து வடிவங்கள். பள்ளிக்கூடம் போகாத மூதாட்டிகூட “நான் போகிறாள்” என்று சொல்லமாட்டார்.

குர்ஆன் மத்ரஸாவிலோ அரபுக் கல்லூரியிலோ படித்த பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று தெரியும். அரபியில் அவன் எழுதுகிறான் என்பதற்கு ‘யக்துபு’, அவள் எழுதுகிறாள் என்பதற்கு ‘தக்துபு’. ஒருமை, பன்மையோடு இருமையும் அங்கு உண்டு. பேச்சுச் சிங்களத்திலோ இந்தத் தொல்லையே இல்லை. ‘மம யனவா’, ‘எயா யனவா’, ‘அபி யனவா’ என்று எவர் போனாலும் ‘யனவா’தான்.

இவற்றோடு ஒப்பிட்டால் ஆங்கிலம் மிகவும் இலகுவானது. நிகழ்காலத்தில் ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. எல்லாம் ஒன்றே. ஹீ, ஷீ, இட் என்ற மூன்றுக்கு மட்டும் ‘கோஸ்’. இறந்தகாலத்தில் அதுவும் இல்லை, எல்லோருக்கும் ‘வென்ட்’தான். ‘இருத்தல்’ என்ற பொருள் தரும் வினை மட்டும் கொஞ்சம் அலங்கோலமானது. நிகழ்காலத்தில் ஆம், இஸ், ஆர் என மூன்று. இறந்தகாலத்தில் வோஸ், வேர் என இரண்டு.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் தமிழைப்போல நானுக்கு ஒன்று, நீக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என வெவ்வேறு விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்துவிட்டன. மிஞ்சி நிற்பது இந்த ‘எஸ்’ மட்டும்தான். “யூ என்பது ஒருவரைத்தானே குறிக்கிறது, ஏன் ‘யூ ஆர்’ என்கிறோம்?” என்று பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ‘யூ’ முதலில் பன்மைச் சொல். ‘நீ’ என்பதற்கு ‘தௌ’ என்று வேறொரு சொல் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கி, கடைசியில் ‘தௌ’ வழக்கிழந்துபோனது. நமது ‘நீங்கள்’ என்ற சொல்லைப் போலத்தான். நாமும் ஒருவரிடம் “நீங்கள் இருக்கிறீர்கள்” என்று பன்மையில்தானே சொல்கிறோம்?

பிழை எங்கிருந்து வருகிறது?

இலகு என்றால் ஏன் பிழை வருகிறது? தமிழில் நாம் செய்வதை அப்படியே அங்கும் செய்யப் போவதால்தான். முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, எழுவாய் நிற்கும் இடம். ‘பெயர்களின் பட்டியல் இருக்கிறது’ என்கிறோம். தமிழில் ‘பட்டியல்’ என்ற தலைமைச் சொல் வினைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னுக்குப் போய்விடும். ‘த லிஸ்ட் ஒஃப் நேம்ஸ் இஸ் ஹியர்’. வினைக்குப் பக்கத்தில் ‘நேம்ஸ்’ என்ற பன்மை நிற்பதால் நமது பழக்கம் ‘ஆர்’ போடச் சொல்லும். இங்கே இருப்பது எது? பட்டியல். அது ஒன்று. ஆகவே ‘இஸ்’.

இரண்டாவது, மரியாதைப் பன்மை. ‘அதிபர் அவர்கள் வருகை தந்தார்கள்’ என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோம். வந்தவர் ஒருவர்தான். மரியாதைக்காகப் பன்மை. ஆங்கிலத்தில் வினைச்சொல்லில் அந்த மரியாதை இல்லை. ‘த பிரின்சிபல் ஆர்’ என்று எழுதக்கூடாது. நாட்டின் ஜனாதிபதியானாலும் ‘இஸ்’தான்.

மூன்றாவது, ‘சனம்’. பேச்சில் “சனம் வருது” என்று ஒருமையாகச் சொல்கிறோம். அதனால் ‘பீப்பிள் இஸ்’ என்று வாயில் வந்துவிடும். ஆங்கிலத்தில் பீப்பிள் பன்மை. ‘பீப்பிள் ஆர்’. பொலிஸும் அப்படியே, ‘த பொலிஸ் ஆர்’. மறுபக்கத்தில் ‘நியூஸ்’, ‘மெதமெட்டிக்ஸ்’ ஆகியவை ‘எஸ்’ஸில் முடிந்தாலும் ஒருமை. ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’ போன்றவை எவ்வளவு இருந்தாலும் ஒருமைதான்.

நான்காவது, ‘ஒவ்வொரு’. “ஒவ்வொரு பிள்ளையும் வந்தார்கள்” என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘எவ்ரி’, ‘ஈச்’ வந்தால் ஒவ்வொருவராகத்தான் கணக்கு. ‘எவ்ரி சைல்ட் இஸ்’.

ஐந்தாவது, ஒரு ‘எஸ்’ஸை இரண்டு இடத்தில் போடுவது. ‘ஷீ டஸ்ண்ட் கோஸ்’ என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். ‘டூ’ என்பது ‘டஸ்’ ஆனபோதே அந்த எழுத்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வினைக்கு மிச்சம் இல்லை. ‘ஷீ டஸ்ண்ட் கோ’ என்பதே சரி.

கூட்டுத் தொகையையும் கவனியுங்கள். பத்தாயிரம் ரூபாய் என்பது பல தாள்களாக இருக்கலாம். ஆனால் அது ஒரே தொகை. எனவே ‘டென் தௌசண்ட் ருப்பீஸ் இஸ் இனஃப்’.

பொருளையே மாற்றும்போது

“பொருள் விளங்கினால் போதாதா, ஏன் இவ்வளவு நுணுக்கம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘ஷீ கோ’ என்றாலும் கேட்பவருக்கு விளங்கும். ஆனால் சில இடங்களில் இந்தச் சிறிய மாற்றம் பொருளையே மாற்றிவிடும்.

உதவி கேட்டு எழுதும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ‘த மதர் ஒஃப் த்ரீ சில்ட்ரன் ஹூ இஸ் சிக்’ என்று எழுதினால் நோயாளி தாய். ‘த மதர் ஒஃப் த்ரீ சில்ட்ரன் ஹூ ஆர் சிக்’ என்று எழுதினால் நோயுற்றிருப்பது மூன்று பிள்ளைகளும். கடிதத்தை வாசிப்பவர் கொழும்பில் இருப்பார். அவருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது. ‘இஸ்’, ‘ஆர்’ என்ற இந்தச் சொல்லை வைத்துத்தான் யாருக்கு மருந்து, யாருக்குப் பராமரிப்பு என்று அவர் முடிவு செய்வார். பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் நம்மைப் போன்றவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிழை நமது, பாதிப்பு அவர்களுடையது.

ஏச்சு வேண்டாம்

அதற்காக வாய் திறக்கும் பிள்ளையைத் தடுத்துத் திருத்திக்கொண்டே இருப்பதும் நல்லதல்ல. அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்தார். அவரது நூல் 1973இல் வெளிவந்தது. அந்தக் குழந்தைகள்கூடப் பெயர்ச்சொல்லின் பன்மை ‘எஸ்’ஸை முந்திக் கற்று, வினையின் ‘எஸ்’ஸைப் பிந்தித்தான் கற்றார்கள். தாய்மொழிக்காரக் குழந்தைக்கே தாமதமாக வருவது நம் பிள்ளைக்கு ஒரு தவணையில் வந்துவிட வேண்டுமா? இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான நோர்ஃபொக் போன்ற இடங்களின் பேச்சு வழக்கில் இன்றும் ‘ஷீ கோ’ என்பார்கள். ஆகவே இந்த எழுத்தை விடுவது அறிவுக் குறைவின் அடையாளம் அல்ல. பரீட்சையும் அலுவலகமும் எதிர்பார்க்கும் எழுத்து வழக்கு வேறு, அவ்வளவுதான்.

நான் சொல்லக்கூடிய வழி இது. பேசும்போது தடையின்றிப் பேசட்டும். எழுதும்போதும் முதலில் எழுதி முடிக்கட்டும். பிறகு பேனையை வைத்துவிட்டு, ஒவ்வொரு வசனத்திடமும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்.

யார் அல்லது எது செய்கிறது?
ஒன்றா, பலவா?
இப்போதா, முன்பா?

இந்த மூன்று கேள்விகளையும் தமிழிலேயே கேட்கலாம். ஆங்கிலம் தெரியாத தாயும் கேட்கலாம். “மகள், இதில் யார் போகிறது?” “உம்மா.” “உம்மா ஒருவரா, பலரா?” “ஒருவர்.” “வழக்கமாகப் போகிறாவா, போய் முடிந்ததா?” “வழக்கமாக.” “அப்படியென்றால் அந்த எழுத்துப் போட்டாயா?” அவ்வளவுதான். எங்கள் மாதர் குழுவில் சாதாரண தரம் வரை படிக்காத ஒரு சகோதரி தன் மகளிடம் இரவில் இப்படிக் கேட்டு வந்தார். சில வாரங்களில் மகள், உம்மா கேட்கும் முன்பே தானாகத் திருத்தத் தொடங்கினாளாம். “எனக்கு இங்கிலீஷ் தெரியாதென்று இனி அவள் சொல்ல மாட்டாள்” என்று அந்தத் தாய் சிரித்துக்கொண்டு சொன்னார். பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கும் தைரியம் அவருக்கு வந்திருக்கிறது. புள்ளியைவிட அது பெரிது.

செய்து பாருங்கள்

பிள்ளைகளோடு சேர்ந்து, அடைப்புக்குள் இருப்பவற்றில் சரியானதைத் தெரிவு செய்யுங்கள்.

1. மை டோட்டர் (லைக் / லைக்ஸ்) மெத்ஸ்.
2. த பிரைஸ் ஒஃப் வெஜிடபிள்ஸ் (இஸ் / ஆர்) ஹை.
3. எவ்ரி மதர் (நோ / நோஸ்) தட்.
4. மை பிரதர் அண்ட் மை சிஸ்டர் (இஸ் / ஆர்) அட் ஸ்கூல்.
5. த பொலிஸ் (வோஸ் / வேர்) ஹியர்.
6. ஷீ டஸ்ண்ட் (ஈட் / ஈட்ஸ்) ஃபிஷ்.

விடைகள்: 1. லைக்ஸ் 2. இஸ் (விலை ஒன்று) 3. நோஸ் 4. ஆர் (இருவர்) 5. வேர் 6. ஈட்.

ஆறும் சரியென்றால் மகிழ்ச்சி. இரண்டு பிழைத்தாலும் கவலை வேண்டாம், ஏன் பிழைத்தது என்று பிள்ளையோடு பேசிப் பாருங்கள். அடுத்த மாதம் விண்ணப்பப் படிவங்களை நிரப்புவது பற்றிப் பார்ப்போம். அதுவரை, வீட்டில் ஆங்கிலம் பேச முயலும் பிள்ளையைப் பார்த்து எவரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.