திராட்சைக்கு ஒரு நீதி, பாய்க்கு ஒரு நீதியா?



காமயகவுண்டன்பட்டித் தோட்டங்களில் விளையும் பன்னீர் திராட்சையை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நாம் கொதிக்கிறோம். பாடுபட்டவனுக்கு உரிய விலை இல்லையா என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டுத் திருமணத்திற்குப் பாய் வாங்கப் போகையில் அதே கேள்வியை எங்கே விட்டுச் செல்கிறோம்?

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் லெப்பைச் சமூகத்துச் சகோதரிகள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகிறார்கள். பச்சைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, நூற்பாவின் ஊடே ஒவ்வொன்றாகக் கோத்து நெய்ய வேண்டும். மணமக்களின் பெயர்களையும் பாயிலேயே நெய்து தருவார்கள். நேர்த்தியான பாய் துணிபோல் மடியும். அது தறியைவிட்டு இறங்க வாரங்கள் ஆகும்.

கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் பெற்ற புவிசார் குறியீட்டை, பத்தமடைப் பாய் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டது. குறியீடு பெயரைக் காக்கும்; அடுப்பை எரிய வைப்பது கூலிதான். அந்தக் கூலி போதாமல் இளம்பெண்கள் தறியைவிட்டு விலகுகிறார்கள். கைத்தொழில் அழிகிறதே என்று பெருமூச்சு விடும் நாமே, பிளாஸ்டிக் பாயின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறோம்.

வசதியற்றவர் எந்தப் பாயை வாங்கினாலும் குறையில்லை. மண்டபத்திற்கும் அலங்காரத்திற்கும் பிரியாணிக்கும் இலட்சங்களைக் கொட்டிவிட்டு, நெய்தவரிடம் மட்டும் சிக்கனம் காட்டுவோரையே நாம் கேட்கிறோம்.

பாய் நெய்வது படிக்காதவர் வேலை என்னும் இளக்காரமும் ஒழிய வேண்டும். தாவூத் நபி (அலை) அவர்கள் ஆட்சியாளராக இருந்தும் தம் கையுழைப்பால் உண்டார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் பாயில் தொழுதார்கள். பாயின் தடம் அவர்களின் உடலில் பதிந்திருந்தது. பிறகு எவருக்கு இதில் இழிவு?

ஆகவே, மஹல்லாவில் அடுத்து நடக்கும் நிக்காஹ்வுக்குப் பத்தமடைப் பாயை முன்கூட்டியே சொல்லி நெய்விப்போம். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுப்போம். படித்த நம் பிள்ளைகளுள் ஆர்வமுள்ளோரை அங்கே அனுப்பி, கற்றுத் தருபவருக்கு ஊதியம் வழங்கி, தொழிலைக் கற்கச் செய்வோம். பள்ளத்தாக்கின் ஜமாஅத்துகள் கூடினால் இது பெருஞ்செலவன்று.

நெய்தவரின் கூலியைக் குறைத்துவிட்டு, அவர் கலை வாழ துஆச் செய்வதில் பொருளில்லை.