தண்டவாளம் போயிற்று, தடம் நிலைக்குமா?

999 ஆண்டுகள்!

கதையில் வரும் எண்ணல்ல, தோழர்களே, சட்டத்தில் எழுதப்பட்ட எண். சிங்கப்பூர்த் தீவின் ஊடே ஓடிய இருப்புப்பாதை நிலத்தை, மலாய்க் கூட்டு நாடுகளின் இரயில்வேக்கு 1918இல் வெள்ளை ஆட்சி குத்தகைக்குத் தந்தபோது குறித்த கெடு அது. எழுதியவனின் பேரனுக்குப் பேரனும் அந்தக் கெடு முடிவதைக் காணப்போவதில்லை. ஆயினும் எழுதினான். பிறர் மண்ணுக்குக் கெடு வைக்கும்போது தாராளம் காட்டுவது ஏகாதிபத்தியத்தின் வாடிக்கையன்றோ!

நூறாண்டு நிறையுமுன்பே அந்தக் கெடு முடிந்தது. 2011 சூன் 30 அன்று இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசிப் புகைவண்டி கிளம்பிற்று. ஜொகூர் சுல்தான் இப்ராகிமே அதனை ஓட்டிச் சென்றார். மறுநாள், தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளமுள்ள நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது.

எளிதில் வந்துவிடவில்லை. 1965இல் இரு நாடுகளும் பிரிந்தன, நிலமோ பிரியவில்லை. சிங்கப்பூரின் நடுவே மலேசியாவின் தண்டவாளம்! 1990இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்குப் பொருள் சொல்வதிலேயே இருபது ஆண்டுகள் கழிந்தன. இடையில் ஒரு வேடிக்கை: 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியாவோ தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவான். பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவான்! நாடகம் எழுதுகிற எனக்கே இப்படியொரு காட்சி தோன்றியிராது. 2010இல் இரு பிரதமர்களும் பேசி முடித்தனர். இருப்புப்பாதை நிலத்துக்கு ஈடாக, மரினா சவுத்திலும் ஓபீர்-ரோச்சோரிலும் மனைகள் ஒதுக்கப்பட்டு, இரு நாடுகளும் கூட்டாக நிறுவிய கம்பெனியிடம் தரப்பட்டன.

இங்கேதான் கேள்வி எழுகிறது. கடலைத் தூர்த்து நிலம் தேடும் நாடு. ஏறத்தாழ 735 சதுரக் கிலோமீட்டரே மொத்தப் பரப்பு. அங்கே, நகரின் இதயத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு நெடும்பட்டை திடீரெனக் கைக்கு வந்தால் ஆளுவோர் உள்ளம் எதை எண்ணும்? மாடமாளிகையையா, மரநிழலையா? மாளிகை என்றால் வருமானம். நிழல் என்றால் செலவு. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பொருளாதார ஏடுகளைக் கரைத்துக் குடித்தவனல்லன். எனினும் இந்தக் கணக்கு எந்தச் சர்க்காரின் நாவிலும் நீர் ஊறச் செய்யும் என்பது எனக்குப் புரிகிறது.

அந்தச் சபலத்துக்கு முன்னே குறுக்கே நின்றவர்கள் அமைச்சர்கள் அல்லர். பறவை பார்ப்பவர்கள், பூச்சி எண்ணுபவர்கள்! வண்டி நிற்பதற்கு எட்டு மாதம் முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தார் தங்கள் திட்டத்தை எழுதி நீட்டினர். பாதை முழுவதையும் பசுமை வழியாக விட்டுவையுங்கள் என்றனர். பொதுமக்களும் கால்களாலேயே வாக்களித்தனர். தண்டவாளங்களைப் பெயர்த்தெடுக்குமுன் பாதை சில நாள் திறந்துவிடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு சல்லிக்கற்கள் மீது நடந்தனர். அரசாங்கமும் செவிசாய்த்தது. பாராட்டத்தான் வேண்டும். 2015இல் போட்டி நடத்தி வரைபடம் தேர்ந்தார்கள். 2021இல் நடுப்பகுதியும் தென்பகுதியும் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டன. 2022 சூலையில் புக்கிட் தீமா நிலையம் மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது. பழைய இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. புக்கிட் தீமா காட்டின் ஓரம் தொட்டுப் பாதை போகிறது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் இதன் இருமருங்கிலும் வாழ்கிறார்கள்.

"பிறகென்ன குறை? துண்டு துண்டாகத் தேவைக்கு எடுத்துக்கொண்டால்தான் என்ன?" என்பார் சிலர். வேட்டியில் ஒரு முழம் கிழித்தாலும் மீதி வேட்டிதான். மாலையின் நடுநூலை அறுத்தால் மீதி மாலையா? இந்த நிலத்தின் பெருமை அகலத்தில் இல்லை. அறுபடாத நீளத்தில் இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவும் உயிர், அடுத்த காட்டை அடைவது அந்தத் தொடர்ச்சியால். அடுக்குமாடி வீட்டுக் கிழவர் ஒருவர் மோட்டார் வண்டிகளுக்கு அஞ்சாமல் அடுத்த பேட்டைக்கு நடப்பதும் அதனால்தான்.

அச்சம் கற்பனையல்ல. 2021 தொடக்கத்தில், கிராஞ்சியில், இதே பாதையை ஒட்டிய காடு, உரிய ஆய்வுகள் முடியுமுன்பே வெட்டி வீழ்த்தப்பட்டது. ஏறத்தாழ 4.5 ஹெக்டேர், தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டதாம்! தவறுதலாக ஒரு கிளையை முறிக்கலாம், ஒரு காட்டையா? நடைபாதைக்கு நாடா வெட்டிய ஆண்டிலேயே, அதன் ஓரத்து மரங்களுக்கு அரிவாள்!

நியூயார்க்கின் கதையையும் நினைவூட்டுவேன். 1934இல் கட்டி 1980இல் வண்டி நின்றுபோன உயரப்பாதையை, 2009 முதல் பூங்காவாக்கினார்கள். உலகமே ஓடிவந்து பார்த்தது. பின்னாலேயே வாடகையும் மாடிகளும் வானேறின. அதற்கு வித்திட்ட இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டு, அக்கம்பக்கத்து ஏழைக் குடியிருப்பாருக்கு எண்ணியபடி பயன்படவில்லை என்று 2017இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சிங்கப்பூரில் பெரும்பாலோர் வசிப்பது அரசு கட்டிய வீடுகளில். ஆகவே அந்த ஆபத்து அதே உருவில் வராது. அங்கே நிலத்தின் சொந்தக்காரரும் அரசு, காவலரும் அரசு. எனவே கண்காணிக்க வேண்டியது வீட்டுக்காரனின் பேராசையை அல்ல. திட்ட அலுவலகத்தின் பேனாவை!

இன்னொரு கடனும் இருக்கிறது. தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பிலே நான்கு வெண்பளிங்கு உருவங்கள்: உழவு, தொழில், வாணிபம், போக்குவரத்து. 1932இல் திறந்த அந்தக் கட்டடம் இன்று தேசிய நினைவுச்சின்னம். நால்வரையும் வணங்குவோம். ஆனால், அந்த வரிசையில் உழைப்பு எங்கே? மலாயாவின் இருப்புப்பாதைகளில் காடு வெட்டவும் கல் பரப்பவும் கட்டை தூக்கவும் குனிந்தவர்களில் பெருந்தொகையினர் தமிழகத்துக் கூலிகள். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தோரில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர். குவீன்ஸ்டவுன் அருகே, பாதையோரத்தில், இரயில்வேத் தொழிலாளர் ஒரு சிறு முனீசுவரர் குடிலை எழுப்பினர். இன்று அது காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயில். சாமிக்கு இடம் கிடைத்தது, கும்பிட்டவனுக்கு?

பளிங்குச் சிலை கேட்கவில்லை. புக்கிட் தீமா நிலையத்தின் நடைமேடையில், ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில், நான்கு மொழிகளிலும் ஒரு கற்பலகை: எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எத்தகைய வீடுகளில் இருந்தார்கள் என்று. வடகோடியில் கிராஞ்சிப் பக்கத்து மரங்களைத் திரும்ப நடும் செலவோடு ஒப்பிட்டால், அதற்காகும் பணம் ஒரு பொருட்டே அல்ல.