மேடை ஏறிய ஜமக்காளம்

மாநாட்டுப் பந்தலிலே மணிக்கணக்கில் அமர்ந்து தலைவர்தம் உரை கேட்ட தோழர்கள், தாம் எதன்மீது அமர்ந்திருந்தோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டோ? சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாய் ஓடும் பவானி ஜமக்காளம் அது. மணவீட்டில் விருந்தினர்க்கு, இழவு வீட்டில் துக்கம் கேட்க வந்தோர்க்கு, தேர்தல் நாளில் நமக்கு! கொங்குநாட்டில் அது விரியாத இடமில்லை.

அந்த ஜமக்காளம் இன்று மேடை ஏறிவிட்டது. 2025-ஆம் ஆண்டு இலண்டன் நவநாகரிக வாரத்தில், வினோ சுப்ரஜா என்னும் தமிழ்ப்பெண் அதனை மேலைநாட்டுப் பாணி உடைகளோடு இணைத்துக் காட்டினார். பவானி நெசவாளர் ஒருவரும் உடன் நடந்தார். மகிழ்கிறோம்.

முகஞ்சுளிப்போரும் உளர். மரபைக் கலப்படம் செய்வதா என்பது அவர்தம் கேள்வி. ஜமக்காளத்தின் வரலாறு அறியாதார் கேள்வி அது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலேயரின் ஆலைத்துணி கடைவீதியை நிறைத்து நம் நெசவாளர் வயிற்றில் அடித்த காலை, பவானியில் வாழ்ந்த ஜங்கமர் என்னும் நெசவாளர், தடித்த நூலைத் தறியில் ஏற்றிப் புதிதாய்ப் படைத்த பொருளன்றோ அது! தடித்த நூலில் நுண்ணிய உருவம் எழுவது அரிது; ஆகவே பட்டைகளே அழகாயின. பின்னர் செயற்கைப் பட்டுநூல் வந்தது. கரையிலே பூவும் உருவமும் புகுந்தன. மாறியதனால்தான் அது வாழ்ந்தது.

கோவை ஈன்ற கலைஞர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1911-இல் கோவையில் பிறந்தவர் கே. சி. எஸ். பணிக்கர், சென்னை அரசு கலைப் பள்ளியின் முதல்வராய் விளங்கியவர், ஜாதகக் கட்டத்தை நவீன ஓவியத்துள் கொணர்ந்தவர். ஓவியம் விற்று உலை வைக்க இயலாத காலம் அது. அவரும் அவர்தம் மாணவரும் சாவகத்தீவின் பாத்திக் கலையைக் கைக்கொண்டனர். உருகிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கினால் கோலம் தெளியும். இத்தகைய கைவினைப் பொருள்களைத் தம் சங்கத்தின் வாயிலாகத் தாமே விற்றனர். சேர்ந்த பணத்தைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினர்.

சாவகத்துக் கலையும் தமிழ்க் கரமும் கலந்தன. எவர் குடியும் கெடவில்லை. ஏன்? வரைந்தவரே விற்றனர், விற்ற பணம் அவர்தம் சங்கத்துக்கே சேர்ந்தது.

பவானியின் நிலை அதுவோ? இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியுள்ளது. புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் என்ன! விசைத்தறிப் போலி பவானியின் பெயரைச் சூடிக் குறைந்த விலைக்குக் கடைவீதியில் குவிகிறது. சட்டம் ஏட்டில் உறங்குகிறது. தறிக்குழியில் இளைஞரைக் காண்பது அரிதாகி வருகிறது. இலண்டனில் எழுந்த கைதட்டல் நூல் வாங்கவும் உதவாது, கூலியாகவும் ஆகாது. (இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் சமதர்மவாதி, கைத்தொழிலின் மேன்மையை முழங்கியவர். அவர் நிறுவனத்துப் பொருளை வாங்கியோரோ பெரும்பாலும் செல்வரே! மேடைப் புகழை நம்பியிருப்போர் இதனையும் கருதுக.)

கலைஞர் ஜமக்காளத்தை உடையாக்கட்டும், ஓவியமாக்கட்டும், தடுப்பார் யார்? ஆனால் நெய்யும் ஆர்டர் தரகரிடம் போகாமல் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரட்டும். விலையைச் சங்கமே உரைக்கட்டும். ஒதுக்கீட்டுச் சட்டத்தை மீறும் விசைத்தறிகள் மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கட்டும்.

நம்மவர்க்கும் ஒரு சொல். அடுத்த மாநாட்டுக்குப் பந்தலமைக்கும் தோழர்கள், விரிப்பு வாடகைக்குப் பேசுமுன், அது கைத்தறிதானா என்று புரட்டிப் பார்க்கவேண்டும். போலியாயின் திருப்பி அனுப்புக. ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒன்றைப் பவானிச் சங்கத்திலேயே வாங்கி வைத்துக்கொள்க.