வாகனம் விடும் இடத்தில் நிலத்தை ஓட்டை போடாதீங்க



கொக்கட்டிச்சோலையில் புது வீடு கட்டும் ஆசிரிய நண்பர் ஒருவர், வேலை எப்படி என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார். வாகனம் விடும் இடத்தின் நடுவில், அழகான ஸ்டீல் மூடியோடு ஒரு வடிகால் ஓட்டை. கழுவுற தண்ணி எல்லாம் அதுக்குள்ள போயிடும் என்றார். போய் எங்க சேரும் என்று கேட்டேன். பின்வளவில் கல்லும் மணலும் போட்ட ஒரு குழி. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில் குடிதண்ணீர்க் கிணறு. அவரிடம் சொன்னதைத்தான், அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

இந்த யோசனை யூடியூப்பில் வருவது. குளிர் நாடுகளில் கராஜ் நாலு பக்கமும் மூடிய அறை. வாகனத்தில் ஒட்டிய பனி உள்ளேதான் உருகும், அதனால் நிலத்தில் வடிகால் கேட்கும். நம்மட போர்ட்டிக்கோ முன்பக்கம் திறந்தது. சரிவு சரியாக வைத்தால் தண்ணீர் தன்பாட்டில் வெளியே ஓடும், ஓட்டை எதற்கு?

இன்னொன்று, நம்மட மாரி. மார்கழி, தையில் கிணற்றுத் தண்ணீரைக் கையாலேயே அள்ளலாம் என்கிற அளவுக்கு ஏறி நிற்கும். அந்த நேரம் நிலத்துக்குள் இருக்கும் குழி எந்தத் தண்ணீரையும் உறிஞ்சாது. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீங்க. அப்படியொரு வெள்ளம் வந்தால், வாசலில் மண்மூட்டை அடுக்கினாலும் அந்த ஓட்டையால் தண்ணீர் உள்ளே வரும். கச்சான் காலத்தில் வேறு கரைச்சல். பொறியில் நிற்கிற தண்ணீர் வற்றினால் நாற்றம், வற்றாமல் நின்றால் நுளம்பு.

எனக்குப் பெரிய கவலை கிணறுதான். படுவான்கரையில் அந்தக் கூரைக்குக் கீழே நிற்பது கார் மட்டுமில்லை. உழவு மெசின், மோட்டார் சைக்கிள், வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கி எல்லாம் அங்கேதான். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்று அளந்து பார்க்கிற நாம், ஒயிலும் களைநாசினியும் போகிற குழியை மட்டும் அளக்கிறதில்லை. மணல் நிலம் அழுக்கை ஓரளவு வடிக்கும், கரைந்த மருந்தை வடிக்காது. தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் எங்களுடையது. வுளூ செய்கிற தண்ணீரும், பக்கத்து வீட்டார் சாமிக்கு வைக்கிற தண்ணீரும் ஒரே நிலத்துக்குக் கீழேயிருந்துதான் வருகிறது.

என் அபிப்பிராயம் இது. நிலத்தை முற்றத்தை விட உயர்த்துங்க, உங்கட வளவில் பழைய வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு மேலே என்றால் இன்னும் நல்லது. நாலு அடிக்கு ஒரு அங்குலம் வீதம் வாசல் பக்கமாகச் சரிவு. பதினாறு அடி நீளத்துக்கு நாலு அங்குலம் இறங்கும், வாகனத்துக்கு அது ஒன்றுமேயில்லை. வாசலுக்கு வெளியே குறுக்காக ஒரு ஆழமில்லாத கான். மேலே இரும்புக் கம்பித் தட்டு, கழற்றிக் கழுவக்கூடியதாக. பிளாஸ்டிக் தட்டு உழவு மெசின் சில்லு ஏறினால் ஒரு போகம் தாங்காது. கானின் முடிவில் மண் தங்க ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வாழையடிக்கு. சவர்க்காரத் தண்ணீரை வாழை தாங்கும்.

ஒயிலை அதில் விடக் கூடாது. ஒழுகினால் உமியைக் கொட்டி ஒற்றி எடுங்க, மாற்றின ஒயிலைக் கலனில் சேர்த்து வாகனம் திருத்துகிற இடத்தில் கொடுங்க. மருந்து டாங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவாமல், வயலிலேயே அலசி அந்தத் தண்ணீரையும் அதே வயலுக்கு அடித்துவிட்டு வாங்க.

2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எங்கட பக்க மேசன்மாரும் இங்கே வேலைக்கு வருகிறார்கள். சகோதரர்களே, வீட்டுக்காரர் ஓட்டை கேட்டால் முதலில் கிணறு எங்கே என்று கேளுங்க. நண்பரின் வீட்டில் டைல்ஸ் இன்னும் பதிக்கவில்லை. ஓட்டையைச் சீமெந்தால் அடைத்துவிட்டு, ரியூப் லெவல் பிடித்துச் சரிவைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள். ஒரு நாள் கூலி மேலதிகம்.