சிரிக்காத ஆசான்

ஆங்கிலம் கற்க விழையும் நம் கல்லூரி மாணவ மாணவியர்க்கு இன்று புதியதொரு துணை வாய்த்துள்ளது. அதுவே செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கைப்பேசி உடையவர் எவரும் நள்ளிரவிலும் அதனிடம் ஐயம் வினவலாம் என்னும் நிலை உருவாகிவிட்டது.

இதுபற்றி மாணவர் கருதுவது யாது என நாம் அவர்களிடமே கேட்டதுண்டு. விரைவில் விடை கிடைக்கிறது என்றனர் ஒரு சாரார். தமிழிலேயே கேட்க முடிகிறது என்றனர் மற்றொரு சாரார். ஆயினும், தமிழ்வழியில் பயின்று வந்தவர் பலரும் கூறியது ஒன்றே: "தவறாகப் பேசினாலும் அது சிரிப்பதில்லை."

இச்சொல் ஆசிரியராகிய நம் நெஞ்சைத் தைக்கின்றது. வகுப்பில் ஒருவன் 'டிட் யூ வென்ட்?' என்று கேட்டதும் எழும் சிரிப்பொலி, மூன்றாண்டுக்கும் அவன் வாயைப் பூட்டிவிடுகின்றது. அச்சிரிப்பில் நமக்குப் பங்கில்லை என்று கூற இயலுமா?

அப்பிழையைச் சற்றே ஆராய்வோம். 'போனாயா' என்னும் ஒரு தமிழ்ச் சொல்லிலேயே இறந்தகாலம், முன்னிலை, வினா ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலமோ அவற்றைப் பிரித்து நிறுத்துகின்றது. காலத்தை 'டிட்' ஏற்றுக்கொள்வதால் வினை 'கோ' என்றே நிற்கின்றது. இதனை உணர்ந்தவன் அப்பிழையை எளிதில் மீண்டும் செய்யான். தாய்மொழி இலக்கணம் அறிந்தவனுக்குப் பிறமொழி இலக்கணம் அயலன்று.

காரணம் கேட்டால் எந்திரமும் சொல்லும். ஆனால், கேட்போர் சிலரே; திருத்திய தொடரைப் படியெடுத்துச் செல்வோரே பலர். கட்டுரை முழுவதையும் எழுதித் தரப் பணிப்போரும் உளர். அவ்வாறு பெற்ற ஆங்கிலம் நேர்முகத் தேர்வுக்கு உடன்வாராது. மேலும், அடுத்து வரத்தக்க சொல் யாதெனக் கணித்துத் தொடர் அமைக்கும் அக்கருவி, தவறான விளக்கத்தையும் தயக்கமின்றிக் கூறிவிடும்.

எனவே, அதனை விலக்கவும் வேண்டா; அதனிடம் அடைக்கலம் புகவும் வேண்டா. மாணவர் முதலில் தாமே எழுதுக. பின்னர் அதனிடம் காட்டுக. திருத்தம் ஏன் என வினவுக. விளங்காததை ஆசிரியரிடம் கொணர்க. அவ்வாறு வருவோரைச் சிரிப்பின்றி வரவேற்பது நம் கடன். வீட்டிலுள்ள பெரியோர்க்கும் இது பொருந்தும்.

பொறுமையை எந்திரத்திடம் தேடி மாணவர் செல்லும் நிலை ஆசிரியப் பணிக்குப் பெருமையன்று. அப்பொறுமை நம் வகுப்பறையிலேயே அவர்க்குக் கிடைக்கச் செய்வோமாக!