மறந்தவன் குற்றவாளியா?

துப்பறியும் நாவல் என்றதும் பெரியோர் முகம் சுளிப்பது வழக்கம். நம் கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றை அப்பாக்கள் ரயிலில் படிக்கலாம். பெண்பிள்ளைகள் படித்தால் மட்டும் பொழுது வீணாம்! இதை நாங்கள் ஏற்கவில்லை. காரணம், வில்கி காலின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1868-ல் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஒரு வைரம் கொள்ளை போனதாகக் கற்பனை. (அதே ஆண்டில்தான் நம் கோயமுத்தூரும் திப்புவின் ஆட்சியிலிருந்து கும்பெனியார் கைக்குப் போனது.) இங்கிலாந்தில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த அந்த வைரம் அன்றிரவே மறைகிறது. பிராங்க்ளின் பிளேக் என்ற இளைஞன் முன்னின்று திருடனைத் தேடுகிறான். கதவில் காயாதிருந்த வர்ணம் கலைந்திருக்கிறது. எவர் உடையில் அந்தக் கறையோ அவரே திருடர். ஓராண்டு கழித்து, புதைமணலில் ஒளித்திருந்த உடை அவன் கைக்கே கிடைக்கிறது. அதில் அவன் பெயர்! அவனுக்கோ ஒன்றும் நினைவில்லை. தன் மருத்துவத்தைக் கேலி செய்தான் என்று, விருந்துக்கு வந்த டாக்டர் அவனறியாமல் அபினி மருந்து கொடுத்திருந்தார். பிறகு காய்ச்சல் வந்து டாக்டருக்கும் அது மறந்துபோயிற்று. வைரம் கடைசியில் யாரிடம் சேர்ந்தது என்பதைத் தோழியர் படித்தே தெரிந்துகொள்ளட்டும்.

பிளேக் குற்றவாளியா? எங்கள் வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழு சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அதன்படி அவன் பாவியல்லன். சரி. ஆனால் அவன் வைரத்தை எடுத்ததைக் கண்ணால் கண்டும், அவன் மீது கொண்ட அன்பால் வாய் திறவாமல் ஓராண்டு வெந்த ரேச்சலின் துயரம் பொய்யாகிவிடுமா? அவனைக் காப்பாற்ற அந்த உடையை ஒளித்தவள் ரோசன்னா என்னும் வேலைக்காரப் பெண். அவள் ஏதோ சொல்ல வந்தபோது அவன் முகம் கொடுக்கவில்லை. அவள் அந்தப் புதைமணலிலேயே மாண்டாள். அதற்கு அபினி காரணமன்றே! நல்ல நினைவோடு இருந்தபோதுதான் அவளைக் கவனியாது விட்டான். வைரத்தை விட இதுவே பெரிய குற்றம் என்பது எங்கள் கட்சி.

எனினும் பிளேக்கை எங்களுக்குப் பிடிக்கிறது. கறை படிந்த உடையை அவன் மறைக்கவில்லை. ரேச்சலிடமே போய், தன்னைப் பற்றிக் கேட்டான். சாட்சிகள் முன்னிலையில் மீண்டும் அபினி அருந்தித் தன்னையே சோதனைக்கு உட்படுத்தினான்.

இத்தகைய நாவல்களைப் பத்தாம் வகுப்புக்கும் கொடுக்கும்படி நூலகச் சகோதரியை வேண்டுகிறோம். பரீட்சை முடிந்த பிறகாவது.